ஜெபக்கனியின் சுவடு

மூன்று பேரில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஒருத்தியை அனுப்ப வேண்டும். கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட விரலை மடக்கிச் சொல்லிவிடும் போலத்தான் இருக்கிறது. பயிற்சியாளர் வடிவுக்கோ ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

பொருநை மகளிர் கபடி அணி மூன்று சீசனாகக் கடைசி இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றி வந்தது. இந்த வருடம் முதலாளி ராமசுப்பு அண்ணாச்சி, அடியோடு பிரித்துப் புதிதாகக் கட்டுவோம் என்று சொல்லிவிட்டார். எதிரணிக் களத்துக்குப் பாடிப் போகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே பெட்டி கட்டிவிட்டார்கள். வலது பக்கப் பிடிக்கு ஏலத்தில் ஆள் எடுப்பதென்று முடிவாயிற்று. மிச்சம் இருந்தது இடது மூலை.

அந்த மூலையில் பத்து வருடமாக நிற்பவள் ஜெபக்கனி. முதலூர்க்காரி, வயது முப்பத்திமூன்று. அவள் கணுக்காலைப் பிடித்துவிட்டால் பாடி வந்தவள் கோட்டைத் தொடுவதை மறந்துவிடலாம். கார்னரில் நிற்கும் அவளுடைய வலது கையைக் கோத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவள் பேச்சி. பேர்தான் பேச்சி, வாயிலிருந்து ஒரு சொல் வாங்குவதற்குள் விடிந்துவிடும். பிடிக் கணக்கில் அவள் பேரைத் தேடத்தான் வேண்டும். மூன்றாமவள் ரஹ்மத், மேலப்பாளையத்துப் பிள்ளை, பத்தொன்பது வயது. கார்னருக்கான மாற்று ஆட்டக்காரி.

"இதுல யோசிக்க என்ன கெடக்கு வடிவு?" என்றார் அண்ணாச்சி, பாளையங்கோட்டைப் பயிற்சிக் கூடத்துக்கு வந்து நின்றுகொண்டு. "சின்னப் பிள்ளைய வச்சுக்கோ. மத்ததுல ஒண்ணு போகட்டும். என்னையக் கேட்டா ரெண்டுமே போகட்டும்பேன்."

"ஜெபக்கனியையுமா அண்ணாச்சி? நம்ம அணியில சனங்க பேரு தெரிஞ்சு வச்சிருக்கது அவ ஒருத்தியத்தான்."

"அவ போனா என்ன? அவ சுவடு இங்கதான இருக்கு. ஒரிஜினல் போகட்டும், காப்பி நம்ம கையில இருக்குல்லா."

பக்கத்தில் நின்ற அச்சுதன் தரையைப் பார்த்தான். சுவடு எடுக்கும் கருவிக்குப் பொறுப்பாளன் அவன்தான். சென்னைப் பையன், நல்லவன், யாரையும் புண்படுத்தத் தெரியாதவன். பார்க்க வருகிற எல்லோருக்கும் அவன் ஒரே மாதிரித்தான் விளக்குவான்.

"சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டா மறக்குமா மேடம்? மனசுக்கு மறந்தாலும் உடம்புக்கு மறக்காது. ஜெபக்கனி அக்கா உடம்புக்குத் தெரிஞ்சதை ரெண்டு வருஷமா பதிவு பண்ணி வச்சிருக்கோம். எந்தத் தசை எப்போ இறுகுது, எப்போ தளருது, எல்லாமே. அதை இந்தப் பட்டை வழியா ரஹ்மத்துக்குக் குடுக்கிறோம். லேசா சுருக்குனு ஒரு தூண்டல், அவ்வளவுதான். மூணு மாசம் பட்டையைப் போட்டுட்டு ஆடினா அவ உடம்பே கத்துக்கும். அப்புறம் பட்டையே வேண்டாம்."

கற்றுக்கொண்டது. ஜெபக்கனி பாய்கிற மாதிரியே ரஹ்மத் பாய்ந்தாள், அவள் மடங்குகிற மாதிரியே மடங்கினாள். களத்தில் இறங்குமுன் சட்டை நுனியை இடுப்பில் இடது பக்கம் மட்டும் செருகுவாள் ஜெபக்கனி. ஒரு நாள் ரஹ்மத்தின் கை தானாகப் போய் அதையும் செய்தது. கூடம் முழுவதும் சிரித்தது. ஜெபக்கனியும் சிரித்தாள். மறுநாள் ரஹ்மத் செருகியபோது அவள் முகம் கழுவப் போய்விட்டாள். எதிரில் தானே நடந்து வருவதைப் பார்ப்பது எத்தனை நாளைக்கு வேடிக்கையாக இருக்கும்?

சுவடு அணிக்குச் சொந்தம் என்று ஜெபக்கனியின் ஒப்பந்தத்தில் இருந்தது. வேறு எந்த அணியும் அதை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் வயதான மனுஷியை யார் எடுப்பார்கள்? இங்கிருந்து வெளியே போனால் ஜெபக்கனிக்கு வேறு களம் கிடையாது. வடிவு அதற்காகத்தான் மல்லுக்கு நின்றாள். ரஹ்மத்தும் ஜெபக்கனியும் இருக்கட்டும், பேச்சி போகட்டும் என்று கடைசியில் அண்ணாச்சியை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தாள். பேச்சிக்காகப் பேச யாரும் இல்லை. பேச்சியே தனக்காகப் பேச மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் போகிறவள் பேரைச் சொல்லிவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை ரஹ்மத் ஒரு டம்ளர் டீயைத் தட்டிவிட்டாள்.

அதில் என்ன இருக்கிறது, யார்தான் தட்டிவிடுவதில்லை? ஆனால் டம்ளர் அவள் வலது முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அன்று மத்தியானம் கதவு நிலையில் வலது தோளை இடித்துக்கொண்டாள். தோளில் ஏற்கெனவே இரண்டு மூன்று பழைய கன்றிப்போன தடங்கள் இருப்பதை வடிவு பார்த்தாள்.

"ஏளா, கண்ண எங்க வச்சுக்கிட்டு நடக்க?"

"தெரியலக்கா. வீட்டுலயும் உம்மா இதத்தான் கேக்குது."

புதன்கிழமை சாயங்காலம் எல்லோரும் கூடத்துக்கு எதிரே இருக்கும் கடைக்குப் போகத் தெருவில் இறங்கினார்கள். ரஹ்மத் இடது பக்கம் பார்த்தாள், இறங்கினாள். வண்டி வந்தது வலது பக்கத்திலிருந்து. சத்தமே இல்லாத மின்சார ஆட்டோ. வடிவு அவள் பின்கழுத்துச் சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவள் இப்போதும் நினைக்க விரும்புவதில்லை. ஆட்டோக்காரன் திட்டிவிட்டுப் போனான்.

"அந்தப் பக்கம் பாக்கணும்னே தோணலக்கா," என்றாள் ரஹ்மத். "கழுத்து போகவே இல்ல."

கழுத்து போகவே இல்லை என்ற அந்தச் சொல் வடிவின் மனதில் தைத்துக்கொண்டது. மறுநாள் காலை பயிற்சியில் ஒரு வேலை செய்தாள். ரஹ்மத்துக்குப் பக்கத்தில் கை கோத்து நிற்கும் பேச்சியை வெளியே கூப்பிட்டுவிட்டு, அங்கே இன்னொருத்தியை நிறுத்தினாள். அதுவரை பொறி பறக்கப் பிடித்துக்கொண்டிருந்த ரஹ்மத் மரம் மாதிரி நின்றாள். பாடி வந்தவள் ஐந்து முறை வந்தாள், ஐந்து முறையும் தொட்டுவிட்டுச் சாவகாசமாகத் திரும்பினாள். பேச்சி மறுபடி வந்து கையைக் கோத்ததும் ஆறாவது முறை ரஹ்மத் கணுக்காலைக் கவ்விவிட்டாள்.

வடிவு அச்சுதனின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"தம்பி, ஜெபக்கனி சுவடுல கழுத்த மட்டும் எடுத்துக் காட்டு."

அவன் தேடி எடுத்தான். திரையில் கோடுகள் ஓடின. கொஞ்ச நேரம் பார்த்தவன் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டான்.

"மேடம், இது வேற மாதிரி இருக்கே. கழுத்து திரும்பாம சும்மா இல்ல. திரும்பப் போகுது, அதை இவங்களே பிடிச்சு நிறுத்துறாங்க. ஒவ்வொரு தடவையும். வலது பக்கம் மட்டும்."

"எதுக்கு?"

"எனக்கு எப்படி மேடம் தெரியும்? திரும்பினா யாராவது பார்த்துடுவாங்கன்னு பயப்படுற மாதிரி இருக்கு." கழுத்துக் கோட்டைத் திரையில் மறுபடி ஓடவிட்டான். "நான் கை, கால், இடுப்பு மட்டும்தான் சரிபார்த்தேன். பிடி அதுலதானே இருக்குன்னு நினைச்சேன். அந்த அடக்குறதும் சேர்ந்து ரஹ்மத்துக்குப் போயிருக்கு."

"வேற யாருக்கும் குடுத்திருக்கியா?"

"கோவில்பட்டி விளையாட்டு விடுதியில பதினாறு பிள்ளைங்க. முதலாளி சோதனைக்குக் குடுக்கச் சொன்னாரு. ரெண்டு மாசம் ஆச்சு."

"நிறுத்து."

"காரணம் சொல்லாம நிறுத்த முடியாது மேடம், ஒப்பந்தம் ஆயிருக்கு. காரணம் ஜெபக்கனி அக்கா உடம்பு சம்பந்தப்பட்டதுன்னா, அதை அவங்கதான் சொல்லணும். நீங்களோ நானோ சொன்னா சட்டப்படி தப்பு. அதோட, நமக்கு இன்னும் நிச்சயமாத் தெரியாதே."

நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வடிவுக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே போனாள். சாப்பாட்டுக் கூடத்தில் ஜெபக்கனிக்கு வலது பக்கம் எப்போதும் பேச்சிதான் உட்காருவாள். பஸ்ஸிலும் அப்படித்தான், கோயில் வாசலிலும் மாதா கோயில் வாசலிலும் அப்படித்தான். கூட்டாளிகள், ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்று எல்லோரும் கேலி பேசுவார்கள். அன்று அந்த நாற்காலியில் வடிவு உட்கார்ந்துகொண்டாள். பேச்சி தட்டோடு வந்து, ஒரு கணம் நின்று, எதிரே போய் உட்கார்ந்தாள்.

வடிவு ஒரு வாழைப்பழத்தை உரித்து ஜெபக்கனியின் வலது கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி நீட்டினாள். ஒன்றும் பேசவில்லை. ஜெபக்கனி ரசச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வடிவின் கை நீட்டியபடியே இருந்தது. எதிரே இருந்த பேச்சி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கடைசியில் அவள்தான் எட்டி அந்தப் பழத்தை வாங்கி ஜெபக்கனியின் தட்டோரம் வைத்தாள்.

ஜெபக்கனிக்கு விளங்கிவிட்டது. தலையைத் திருப்பாமலேயே கேட்டாள். "எவ்வளவு நேரமாக்கா நீட்டிக்கிட்டு இருக்கிய?"

"கொஞ்ச நேரமா."

"ம்."

"எப்பவுல இருந்து?"

"ரெண்டு வருசத்துக்கு முந்தி சேலத்து ஆட்டத்துல ஒருத்தி முழங்கை பட்டுச்சுல்லா, அப்போ இருந்து. மொதல்ல மங்கலா தெரிஞ்சுது. அப்புறம் அதுவும் இல்ல."

"வருசா வருசம் கண்ணு பாக்காவளே?"

"அதே சுவரு, அதே அட்டை. பேச்சி எனக்கு முன்னால போயி சத்தமா வாசிப்பா. நான் கேட்டு மனப்பாடம் பண்ணிருவேன்." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அவ வாழ்க்கையில சத்தமாப் பேசினது அந்த ஒரு நாளுதான்."

வடிவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, துக்கம்தான் வந்தது. "ஒத்தக் கண்ண வச்சிக்கிட்டு எப்பிடிட்டி பிடிச்ச? அவ்வளவும் எப்பிடிப் பிடிச்ச?"

"பேச்சி பாப்பா. நேரம் வந்ததும் கைய ஒரு அமுக்கு அமுக்குவா. நான் பாய்வேன். தலையத் திருப்பினா கேமராவுல தெரிஞ்சுரும்னு திருப்பவே மாட்டேன்." ஜெபக்கனி தண்ணீரைக் குடித்தாள். "உங்களுக்கு எப்பிடிச் சொல்ல? களத்துல நிக்கையில எனக்கு ரெண்டு கண்ணும் இருக்குக்கா. வெளிய வந்தாத்தான் ஒத்தக் கண்ணு. அதான் இன்னும் ஒரு சீசன், இன்னும் ஒரு சீசன்னு இருந்தேன்."

வடிவு சும்மா இருந்துவிட்டால் போதும், ஞாயிற்றுக்கிழமை பேரைச் சொல்லிவிடலாம், இவளுக்கு இன்னும் ஒரு சீசன் கிடைத்துவிடும். அந்த ஆசை அவளுக்கு இருந்தது. ஆனால் கை, நேற்றுச் சாயங்காலம் பிடித்து இழுத்த அந்தச் சட்டைத் துணியை இன்னும் மறக்கவில்லை.

"நேத்து ரஹ்மத்து ஆட்டோவுல அடிபடப் பாத்தா," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். கழுத்தை, பேச்சி இல்லாமல் மரமாக நின்றதை, கோவில்பட்டியை. "நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன். சொல்லவும் கூடாது. நீ சொன்னாத்தான் உண்டு. சொன்னா உனக்கு இந்த அணியும் இல்ல, எந்த அணியும் இல்ல. அதையும் மறைக்காமச் சொல்லிட்டேன்."

"எத்தன வயசுப் பிள்ளைய?"

"பன்னெண்டு, பதிமூணு."

ஜெபக்கனி மிச்சச் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள், பழத்தையும் தின்றாள். கை கழுவப் போகும்போது பேச்சி எழுந்து அவள் வலது பக்கம் சேர்ந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் அச்சுதன் அறைக்கு ஜெபக்கனியே வந்தாள். விடுதிக்குக் கூப்பிட்டுத் தரச் சொன்னாள். திரையில் பதினாறு பிள்ளைகளும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் சட்டையை இடது பக்கம் மட்டும் செருகியிருந்தார்கள். ஒருத்திக்குக் கையில் கட்டு. சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டாளாம். ஜெபக்கனியைப் பார்த்ததும் கத்திக் கூச்சல் போட்டார்கள்.

"ஏ பிள்ளைங்களா, கொஞ்சம் கேளுங்க," என்றாள் ஜெபக்கனி. "எனக்கு வலது கண்ணு தெரியாது. ரெண்டு வருசமாச் சொல்லாம ஆடினேன். அது தப்பு. அந்தத் தப்பு உங்க உடம்புக்கும் வந்துட்டு. உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. அந்தப் பட்டையக் கழட்டிப் போடுங்க. இப்போ எல்லாரும் வலது பக்கம் திரும்பிப் பாருங்க."

யாரும் திரும்பவில்லை. மாட்டேன் என்று இல்லை, முயன்று பார்த்தார்கள். அந்தக் குட்டிக் கழுத்துகள் பாதி போய் நின்றன. ஒருத்தி தன் தாடையைத் தன் கையாலேயே பிடித்துத் தள்ளினாள். பக்கத்திலிருந்தவளைப் பார்த்ததும் அதிசயத்தைக் கண்டவள் போலச் சிரித்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக அப்படியே செய்தார்கள். ஜெபக்கனி அழுதாள். மறைக்கவில்லை, துடைக்கவும் இல்லை. அச்சுதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

செய்தி சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. ஏமாற்றுக்காரி என்றார்கள் பாதிப் பேர், கெட்டிக்காரி என்றார்கள் பாதிப் பேர். அண்ணாச்சி போனில் வந்தார்.

"என்ன வடிவு, ஒரிஜினலும் போச்சு, காப்பியும் போச்சு. இப்போ யார வச்சுக்கிட?"

"ரஹ்மத்து. அவ பத்தொம்பது வயசுப் பிள்ளை, சுவடு இல்லாமலே ஆடுவா. நாம ஆட விட்டது கிடையாது. அப்புறம் பேச்சி."

"பேச்சியா? அது யாரு?"

"ஜெபக்கனியோட வலது கண்ணு அண்ணாச்சி."

"சரி, உன் இஷ்டம்," என்றார் அண்ணாச்சி. அவர் கெட்டவர் இல்லை. கணக்குத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

பட்டையைக் கழற்றினாலும் ரஹ்மத்தின் கழுத்து அவ்வளவு சீக்கிரம் வழிக்கு வரவில்லை. மூன்று மாதப் பழக்கம், போ என்றால் போய்விடுமா? அச்சுதன்தான் ஒரு வழி சொன்னான்.

"எல்லார் சுவடும் நம்மகிட்ட இருக்கு மேடம். பேச்சி அக்காவோடதை எடுத்துப் பார்த்தேன். அவங்க கழுத்து ஒரு ஆட்டத்துல வலது பக்கம் திரும்புற மாதிரி நான் யாருக்கும் பார்த்ததில்ல. ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பார்த்திருக்காங்க. அதை ரஹ்மத்துக்கு ரெண்டு வாரம் குடுத்தா சரியாயிடும். இந்தத் தடவை தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்துட்டேன். பயம் எதுவும் இல்ல."

பேச்சியிடம் கேட்டார்கள். "அந்தப் பிள்ளைக்கு நோவுமா?" என்று மட்டும் கேட்டாள். நோகாது என்றதும் தலையை ஆட்டினாள். ரஹ்மத்தும் உம்மாவைக் கேட்டுவிட்டு வந்து சரி என்றாள். இரண்டு வாரத்தில் ரஹ்மத் டம்ளரைத் தட்டிவிடுவதும், கதவில் இடித்துக்கொள்வதும் நின்றுபோயின.

ஜெபக்கனி தன் சாமான்களை எடுக்க வந்தது அதற்கு அடுத்த வாரம். ஒரு பை, ஒரு ஜோடி ஷூ, பழைய பனியன் ஒன்று. பேச்சிக்கு அன்று நெல்லை டவுனில் சொந்தக்காரர் கல்யாணம், வரவில்லை. வராமல் இருக்கத்தான் கல்யாணத்துக்குப் போனாளோ என்னவோ. வடிவு கூடத்து வாசல்வரை வந்து நின்றாள். பையை வாங்கி மறுபடி அவளிடமே கொடுத்தாள்.

"நான் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கொண்டுவிடுதேன்க்கா," என்று ரஹ்மத் கூட இறங்கினாள்.

இருவரும் தெருவோரம் போய் நின்றார்கள். ஜெபக்கனி இடது பக்கம், ரஹ்மத் அவளுக்கு வலது பக்கம். யாரும் சொல்லி அப்படி நிற்கவில்லை. ரஹ்மத்தின் தலை நன்றாக வலது பக்கம் திரும்பியது. சத்தமில்லாமல் ஓர் ஆட்டோ வந்தது, அது போகும்வரை நின்றாள்.

வாசலில் நின்ற வடிவு அப்போதுதான் பார்த்தாள். சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த ரஹ்மத்தின் இடது கை தானாக எழுந்தது. விரல்கள் விரிந்தன. அந்தக் கை எதையோ தேடியது. ரஹ்மத்துக்கே அது தெரியவில்லை. பேச்சியின் உடம்பில் என்னவெல்லாம் இருக்கிறது என்று தலையிலிருந்து கால் வரை பார்த்த அச்சுதன் இதைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் இதில் கெடுதல் இல்லை என்று விட்டுவிட்டான்.

கை நீண்டது ஜெபக்கனியின் வலது பக்கம். அந்தப் பக்கம் அவளுக்கு இருட்டு. தலையைத் திருப்பவும் இல்லை. பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை நீட்டி அதைக் கோத்துக்கொண்டாள்.

இன்னொரு வண்டி போயிற்று. சாலை வெறிச்சோடியதும் ரஹ்மத்தின் விரல்கள் ஒரு அமுக்கு அமுக்கின. ஜெபக்கனி காலை எடுத்து வைத்தாள்.